1952 எம்.ஜி. டி.டி.: இசுசு என்ஜின் ஏற்றலாமா, இருந்தபடியே விடலாமா?

கோட்டையூரான்

வணக்கம். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இது. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியவன் நான். பழைய வண்டியைக் கையால் தொட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் கேட்கலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1952 எம்.ஜி. டி.டி., இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், வலது பக்க ஸ்டியரிங். எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பினாங்கில் கடை வைத்திருந்த காலத்தில் அங்கேயே புதிதாக வாங்கி, ஊர் திரும்பும்போது ராஜுலா கப்பலில் ஏற்றி மெட்ராஸில் இறக்கி, அங்கிருந்து கோட்டையூர் வரை தானே ஓட்டி வந்தாராம். அப்போது வீட்டில் பெரிய கார் ஒன்றும் இருந்ததால் அது பெரிய பிளசர், இது சின்ன பிளசர். பெரிய பிளசர் எப்போதோ விலைக்குப் போய்விட்டது. சின்ன பிளசர் 1986 வரை ஓடியது, அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகையில் நிற்கிறது.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இப்போது 79 வயது. அவர் கார் ஓட்டப் பழகியதே இதில்தான். போன வருஷம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் ஐந்து புள்ளியும் (குடும்பமும்) கூடியபோது வண்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அப்பச்சி ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்க் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு யாரும் விற்பதைப் பற்றிப் பேசவில்லை, எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் ஒரு நடை போய் வரவேண்டும், அதுவும் அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே.

வண்டியின் நிலை இது. சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) மேல் துரு மட்டும்தான், தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது. பாடிக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் இடது பக்கம் கதவுத் தூண் வரைக்கும் கரையான் ஏறியிருக்கிறது. வயரிங் முழுவதும் எலி. என்ஜின் சிக்கிக்கொண்டு சுற்றவில்லை. ஆனால் என்ஜினில் அடித்திருக்கும் எண்கோணப் பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதே எண்தான். வண்டி வரும்போது தந்த நிறமாம். எழுபதுகளில் யாரோ நீலம் அடித்துவிட்டார்கள்.

காரைக்குடியில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். நல்ல கைக்காரர். அவர் சொல்வது: இந்த என்ஜினுக்கு உயிர் கொடுத்தாலும் சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஓடினாலும் வெயிலில் கொதிக்கும். அதற்குப் பதிலாக அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜினையும் அதோடு வரும் ஐந்து கியர் பெட்டியையும் இறக்கிவிடலாம், முன்னால் டிஸ்க் பிரேக், ஸ்டியரிங்குக்குப் பவர், மரச்சட்டத்துக்குப் பதில் இரும்புக் குழாய். நாலு மாதத்தில் சாவி கையில் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, ஒரு ஆணியைக்கூட மாற்றாதே, மாற்றினால் அது ஐயா வண்டி இல்லை என்கிறான். ஆனால் திருச்சி ரோட்டில் பஸ் வருகிற வேகத்தில், இண்டிகேட்டர்கூட இல்லாத, 54 குதிரைத்திறன் வண்டியில் 79 வயதுக்காரரை உட்காரவைத்து நான்தானே ஓட்டவேண்டும், அவன் இல்லையே.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கோவைக் கியர்

தம்பி, மெக்கானிக் சொல்வதைச் செய்யுங்கள். மற்றவர்கள் வந்து பாவம் செய்கிறீர்கள் என்பார்கள், அதற்கு முன்பே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டி.டி. அப்படி ஒன்றும் உலகத்தில் அருகிப்போன வண்டி கிடையாது. 1949 கடைசியிலிருந்து 1953 வரை 29,664 வண்டி செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது, ஒரிஜினலாக வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். உங்கள் ஒரு வண்டி மாறினால் சரித்திரம் ஒன்றும் அழிந்துவிடாது. அடுத்தது, எம்.ஜி. கம்பெனியே மாற்றத்தில் பிறந்த கம்பெனி. சாதாரண மோரிஸ் காரை எடுத்து வேகமாக ஓடும்படி மாற்றித்தான் ஆரம்பித்தார்கள். டி.டி. என்ஜினின் வேர்கூட மோரிஸ் குடும்பத்துக் காரில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து மாற்றினார்கள், நாம் நம் கையில் இருப்பதை வைத்து மாற்றுகிறோம்.

இசுசு வேண்டாம் என்று மனசு சொன்னால் அம்பாசடரின் பழைய 1489 சி.சி. என்ஜினைப் பாருங்கள். அது பி.எம்.சி. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பி சீரிஸ் குடும்பம். டி.டி.க்குப் பிறகு 1955-இல் வந்த எம்.ஜி.ஏ.வில் இருந்ததும் அதே குடும்பத்து 1489 என்ஜின்தான். சாமான் காரைக்குடியிலேயே கிடைக்கும். ஒருவிதத்தில் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் பண்ணிய மாதிரி. வண்டி ஓடுவதற்காகச் செய்தது. கொட்டகையில் துணி போர்த்தி வைத்து எட்டிப் பார்ப்பதற்காக இல்லை. அப்பச்சிக்கு வயது 79, இங்கிலாந்திலிருந்து பிஸ்டன் வருவதற்குக் காத்திருக்க முடியுமா?

பள்ளத்தூர் ஆச்சி

நான் மெக்கானிக் இல்லை, கார் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அவ்வளவுதான். கடைசியாக ஒரு வார்த்தை கேட்டாரே, காத்திருக்க முடியுமா என்று, அதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அப்பச்சியிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. 1985-இல் பெட்ரோல் கட்டுபடியாகவில்லை என்று எங்கள் அண்ணன் அதில் டீசல் என்ஜின் ஏற்றினார். அப்போது எல்லா ஊரிலும் அதுதான் நடந்தது, அவரைக் குறை சொல்லமாட்டேன். என்ஜின் நீளமாக இருந்ததால் முன்னால் ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்தார்கள். ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் அதிர்வில் வெல்டிங் விட்டது, மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விட்டது. கதவு சாத்தினால் சாத்தாது, சாத்தினால் திறக்காது. எங்கள் அப்பச்சி ஏறி உட்கார்ந்துவிட்டு, சத்தமே மாறிப்போச்சே ஆத்தா என்று என்னிடம் சொன்னார், அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. கழற்றிய என்ஜின் கொஞ்ச நாள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது, பிறகு யாரோ பம்பு செட்டுக்கு என்று கேட்டு வாங்கிப்போனார்கள். 1991-இல் வண்டியைக் காயலாங்கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மிச்சம் அதன் சாவி ஒன்றுதான்.

உங்கள் அப்பச்சி கொட்டகைக் கதவைத் திறந்து நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காதில் இருப்பது அந்தப் பழைய என்ஜின் சத்தம். இசுசு போட்டு அவரைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போனால் அவர் வேறு ஏதோ ஒரு காரில் பிள்ளையார்பட்டி போய் வந்ததாகத்தான் இருக்கும். அதற்கு வீட்டில் இருக்கும் மாருதியே போதும்.

கோட்டையூரான்

ஆச்சி, இதைப் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அப்பச்சியிடம் இன்றைக்குக் கேட்டேன், வண்டியில் உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று. இரண்டாவது கியரில் ஏறும்போது வருகிற சத்தம் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: திருமயம் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும், நிறுத்தி ஊருணித் தண்ணீர் ஊற்றித்தான் போவோம். அந்தக் கொதிப்புதான் என் பயமும்.

மதுரைப் பட்டறை

இருபத்தெட்டு வருஷமாகப் பழைய வண்டி வேலை பார்க்கிறேன். அம்பாசடரில் இசுசு என்ஜின் எத்தனையோ இறக்கியிருக்கிறேன், நல்ல என்ஜின், அதில் குறை கிடையாது. ஆனால் டி.டி.யில் அதைப் போட நினைக்காதீர்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன்.

டி.டி. போனட் பக்கத்தில் நின்று உள்ளே பாருங்கள், எவ்வளவு ஒடுக்கம் என்று தெரியும். அதில் இருக்கும் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ஜின் 66.5 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), ஒல்லியும் உயரமுமான என்ஜின். அதற்கேற்றபடி போனட் வெட்டியிருக்கிறார்கள். இசுசு அகலம், கியர் பெட்டியும் வேறு நீளம். அதை உள்ளே தள்ள என்ஜின் தாங்கிகளை அறுக்கவேண்டும், கியர் பெட்டியை மூடியிருக்கும் நடுச் சுரங்கத்தை வெட்டவேண்டும், பக்கத் தகட்டையும் தட்ட வேண்டியிருக்கும். அறுத்துவிட்டால் அறுத்ததுதான். அதோடு அந்த வேகத்தைத் தாங்க பின் ஆக்ஸில், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் மாறவேண்டும். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொடவேண்டும், நாலு மாதம் என்பது பதினான்கு மாதமாகும். கோவை அண்ணன் சொன்ன 1489 என்ஜின் உறவு முறையில் சரிதான், ஆனால் அதுவும் இந்த வண்டியின் தாங்கியில் அப்படியே உட்காராது.

அதற்காக உங்கள் தம்பி சொல்கிறபடி ஒரு ஆணியையும் தொடாதே என்பதும் நடக்காத காரியம். அப்படியே விட்டால் உங்கள் ஊர் வெயிலிலும் இன்றைக்குப் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலிலும் இந்த வண்டி ஒரு கோடை தாங்காது. 1952-இல் இருந்த பெட்ரோலில் ஈயம் இருந்தது, வால்வு உட்காரும் இடத்துக்கு அது காவல். 2000-த்தோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஹெட்டை (என்ஜினின் மேல்பாகத்தை) எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், அப்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய வால்வு சீட்டு போட்டுவிடுங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு கலந்து வருகிறது, பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் ஜெட்டில் இருக்கும் கார்க் சீல் எதுவும் அதற்கு நிற்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ், ஓரிங் சீல் போடுங்கள். வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் டாங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்க்கை உள்ளிருந்து தின்னும்.

கொதிப்புக்கு வருகிறேன். என்ஜின் பேரில் பழி போடாதீர்கள். அப்பச்சி காலத்தில் கொதித்ததற்கு முக்கால்வாசிக் காரணம் தண்ணீர்தான் இருக்கும். கிடைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றி, உப்பு பிளாக்குக்குள் படிந்து, பின் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியே அடைத்துப்போயிருக்கும். நான் திறந்து பார்த்த பழைய பிளாக்குகளில் கரண்டியால் சுரண்டி எடுக்கும் அளவுக்குச் சேறு. பக்கத்தில் இருக்கும் தகடுகளையும் பிளக்குகளையும் கழற்றி முழுக்கச் சுத்தம் செய்யுங்கள், ரேடியேட்டரின் மேல் டாங்க்கைப் பிரித்துக் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள் அல்லது நடுக்கூட்டை மட்டும் புதிதாக வைத்து வெளி உறையை அப்படியே விடுங்கள், டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. இக்னிஷன் டைமிங் பின்தங்கி இருந்தாலும் கொதிக்கும், அதையும் பாருங்கள். அதற்கும் மேல் பயம் இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன மின்விசிறியைக் கிளாம்பில் மாட்டுங்கள். ஓட்டை போடவேண்டாம், நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

பிரேக். நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக், 9 அங்குல டிரம். சுமார் 900 கிலோ வண்டிக்கு அது போதும், டிஸ்க் தேவையில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று, ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். அதனால் ஹோஸ், குழாய், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. மாஸ்டர் சிலிண்டர் துருப்பிடித்திருந்தால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (மெல்லிய உட்குழாய்) போட்டு அதே கூட்டையே பயன்படுத்தலாம், வெளியே பார்த்தால் 1952 மாதிரியே இருக்கும். இதில் மட்டும் காசு பார்க்கவேண்டாம்.

ரோட்டு வேகத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பின் ஆக்ஸில் விகிதம் 5.125, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன்னாலிருந்து வரும் தண்டு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும், அதனால்தான் எண்பதில் போனாலே என்ஜின் நிமிஷத்துக்கு 3,400 சுற்றுக்கு மேல் கத்துகிறது. 4.3 விகிதத்துக்குப் பல்சக்கரத் தொகுப்பு கிடைக்கிறது, மாற்றினால் அதே வேகத்துக்கு 2,900 பக்கம் வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, பழையதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இழுவை குறையும். நீங்கள் போவது குன்றக்குடி வரைக்கும்தான் என்றால் இதுகூட வேண்டாம், அறுபதில் போங்கள், அந்த வண்டி அறுபதில்தான் அழகு. டயருக்கு அலையவேண்டாம், அம்பாசடரின் 5.90-15 அந்த 15 அங்குல ரிம்மில் உட்காரும், கொஞ்சம் பெரிது, மட்கார்டு உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை உங்கள் மெக்கானிக்குக்கும் சொல்லுங்கள். இந்த என்ஜினில் போல்ட்டின் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு. மரையும் சாதாரணக் கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை இல்லை. பார்த்தால் பொருந்துகிற மாதிரி இருக்கும், கட்டாயப்படுத்தி முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். வயரிங்கும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும், தெரியாமல் இந்தக் காலத்துச் சார்ஜரை மாட்டினால் புகைதான்.

கோவைக் கியர்

பட்டறை அண்ணன் சொன்னதில் அறுப்பதைப் பற்றிய பகுதியை ஒத்துக்கொள்கிறேன், டி.டி. போனட்டுக்குள் நான் கை விட்டதில்லை. ஆனால் ஐந்து கியர் பெட்டி? இங்கிலாந்தில் ஃபோர்டு பெட்டியை இந்த வண்டிகளில் போட நிறையப் பேர் தொகுப்பு வாங்குகிறார்கள். எம்.ஜி.யே டி.டி. மார்க் 2 என்று கம்ப்ரஷனை ஏற்றி, பெரிய கார்புரேட்டர் வைத்து விற்றது, ட்யூனிங் செய்வதற்குக் கையேடும் கொடுத்தது. அந்த அளவுக்காவது வண்டியைக் கொஞ்சம் உசுப்பிவிடலாமே.

மதுரைப் பட்டறை

மார்க் 2 அளவு வேலை செய்தால் நான் எதிர்க்கமாட்டேன், அது அந்த வண்டியின் சொந்த பாஷை. ஆனால் கம்ப்ரஷன் ஏற்றினால் உங்கள் ஊர் ஏப்ரல் மாதத்தில் இன்னும் சூடு. இவருக்குத் தேவை பந்தயம் இல்லை. ஐந்து கியர் வேண்டாம். அப்பச்சி கேட்ட இரண்டாவது கியர் சத்தம் அந்தப் பழைய பெட்டியிலிருந்துதானே வரும்?

ஆர்.சி. புத்தகம்

என்ஜினை மாற்றுவது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், சட்டத்தை யாரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வேறு கம்பெனி என்ஜினை ஏற்றி, எண் மாறி, அது ஆர்.சி.யில் ஏறாமல் ரோட்டில் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸில் கை விரிப்பார்கள். பக்கத்தில் உங்கள் அப்பச்சி இருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இசுசு ஏற்றிய அன்றைக்கே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் வி.ஏ. வாங்கினால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இப்படித்தான் ரோட்டில் எடுக்கலாம், வாராவாரம் கோயிலுக்குப் போக முடியாது. உங்கள் ஆசை ஓட்டுவது என்றால் இருக்கிற பழைய பதிவையே எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் வழியைப் பாருங்கள். 15 வருஷம் தாண்டினால் வண்டியை உடைக்கவேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம், அந்தத் தடை டெல்லிப் பக்கத்துக்கு உரியது.

முதலில் ஐயா பெயரிலிருந்து மாற்றுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பங்காளிகள் ஒப்புதல். இப்போது எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், நாளைக்கு வண்டி பளபளவென்று வந்து நிற்கும்போதும் இதே மனசு இருக்கவேண்டும். கையோடு எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் ஊர் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லா, அப்புறம்தான் சிவகங்கை. அதனால் பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், அலைச்சல்தான்.

காரைச்சுவர்

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலை எனக்கு. கார் தெரியாது, மரம் தெரியும், அதனால் மரச்சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று வந்தேன்.

அதைக் கழற்றி இரும்புக் குழாய் வைக்கவேண்டாம். அந்தப் பாடித் தகடு மரத்தின் மேல் ஆணி அடித்து நிற்கிறது, மரம் வளைந்துகொடுப்பதால்தான் தகடு விரியாமல் இருக்கிறது. இரும்பு வைத்தால் சேஸிஸ் முறுக்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தம் தகட்டில் விழும். எங்கள் வேலையில் தினமும் பார்க்கிறேன். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுப் பூசிய சுவர் மூச்சு விடும். அதன்மேல் கெட்டியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசுகிறார்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, நாலு வருஷத்தில் பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. பலமானதை வைத்தோம் என்று நினைத்ததுதான் பலவீனமானதைக் கொன்றது.

உங்கள் ஆசாரி பர்மாத் தேக்கு வைக்கலாம் என்று கட்டாயம் சொல்வார். கரையான் அண்டாது என்பது உண்மை. ஆனால் தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, அடி தாங்கி வளைவதிலும் அந்த வண்டியில் உள்ள ஆஷ் மரத்துக்கு ஈடாகாது. கோடாலிக்கும் சுத்திக்கும் காம்பு போட அந்த ஊர்க்காரர்கள் ஆஷ் எடுப்பது அதற்குத்தான். ஆஷ் பலகையை இறக்குமதி மரக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். முழுச் சட்டத்தையும் மாற்றவேண்டாம். கரையான் தின்ற இடம் வரைக்கும் சாய்வாக அறுத்து, நல்ல மரத்தோடு புது மரத்தை ஒட்டுப் போடுங்கள், கரையான் மருந்தை மரத்துக்குள் ஊறவிட்டுப் பிறகு மாட்டுங்கள். எடுத்த துண்டு இற்றுப்போயிருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், அளவுக்கு அதுதான் அச்சு. எல்லாவற்றிலும் எண் எழுதிப் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

மாற்றலாமா கூடாதா என்ற கேள்விக்கு என் பதில். எங்கள் ஊர் வீடுகளில் தாழ்வாரப் பத்திக்குப் பத்தி மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள், குளியலறை கட்டியிருக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்துக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் கான்கிரீட் வைத்த வீடுகளும் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே தூணைத் தேடிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், கடைக்காரரிடம் கேட்டால் எந்த ஊருக்குப் போனது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தைப் படித்தேன். நாங்கள் வீட்டுக்குச் சொல்வதைத்தான் அவர்கள் காருக்குச் சொல்கிறார்கள்: முடிந்தவரை குறைவாகத் தொடு, தொட்டதைத் திரும்ப எடுக்கும்படி தொடு, தொட்டதை எழுதி வை.

பெயிண்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால், டூல் பெட்டிக்கு அடியில் பாருங்கள், நீலம் அடித்தவன் கை அங்கே போயிருக்காது.

கோட்டையூரான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இசுசு வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. பட்டறை அண்ணன் எழுதியதை அச்செடுத்துக் காட்டினேன். உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டு, போனட்டைத் திறந்து டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, மரை விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல வேளை என்றார். வேலை அவரிடம்தான். பின் ஆக்ஸிலைத் தொடப்போவதில்லை. பிரேக் முழுவதும் புதிது, இண்டிகேட்டர் விளக்கு மட்டும் பம்பரில் கிளாம்ப் போட்டு மாட்டுகிறோம், சீட் பெல்ட்டுக்கு எங்கே பிடிமானம் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை, மரத்தில் மாட்டினால் பயனில்லை என்கிறார். பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று, பங்காளிகள் நான்கு பேர் கையெழுத்து வந்துவிட்டது, ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், அங்கிருந்து வரவேண்டும்.

டூல் பெட்டிக்கு அடியில் தந்த நிறம் இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு, பளிச்சென்று. அப்பச்சி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆயா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்றார்.

பிளக் ஓட்டை வழியாக அசிட்டோனும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்து, நாளுக்கு ஒரு தடவை முன்னால் ஹேண்டில் போட்டு இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தோம். பதினேழு நாள் கல் மாதிரி இருந்தது. நேற்றுக் காலையில் அப்பச்சி நான் பிடிக்கிறேன் என்று வந்தார், அவர் கைக்கு மேல் என் கையை வைத்துக்கொண்டேன், கால் சுற்று நகர்ந்தது. மாலைக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஒரு பக்கம் துரு குழியாக விழுந்திருக்கிறது, நகம் வைத்தால் மாட்டுகிறது. மற்ற மூன்றும் வழவழவென்று இருக்கின்றன. பட்டறை அண்ணே, நாலையும் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து ரீபோர் செய்வதா, மூன்றாவதுக்கு மட்டும் ஸ்லீவ் போடுவதா?

மதுரைப் பட்டறை

அடடா, சுற்றிவிட்டதா, நல்ல சேதி! அவசரப்பட்டு லேத்துக்கு அனுப்பவேண்டாம். போர் கேஜில் நாலு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதி அனுப்புங்கள். பிஸ்டன் தலையில் ஏதாவது எண் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள், முன்பே ஒரு தடவை ரீபோர் ஆகியிருந்தால் அதில் தெரியும். 66.5-இலேயே நின்றுகொண்டு, மற்ற மூன்றிலும் தேய்மானம் குறைவாக இருந்தால் மூன்றாவதுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு அதே அளவுக்குக் கொண்டுவரலாம், பழைய பிஸ்டனே தப்பிக்கலாம். அளக்கும்வரை சிலிண்டர் சுவரில் எண்ணெய் தடவித் துணி போட்டு மூடி வையுங்கள், இப்போது காற்றில் ஈரம் இருக்கிறது.